எறும்பு சொன்ன சமாசாரம்

சென்ற மார்கழி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், எங்கள் வீட்டு ஸ்நான அறையில் ஓர் எறும்பு வரிசையைக் கண்டேன். எறும்பு வரிசை யார் வீட்டில்தான் இல்லை? சமையலறையில் கண்டால் வெல்ல டப்பாவின் மூடியை அழுத்தி மூடுகிறோம். பூஜை அறையில் கண்டால் நைவேத்தியத்தை எடுத்து வைக்கிறோம். ஆனால் சிறுநீர் கழிக்கும் மூலையை நோக்கி எறும்புகள் அணிவகுத்துச் செல்வதைக் கண்டால், ஐம்பது வயதான குடும்பஸ்தன் என்ன செய்வான்?

நான் செய்ததைச் சொல்லுகிறேன். ஒரு வாளி தண்ணீரைக் கொட்டி எறும்புகளை அப்புறப்படுத்தினேன். பிறகு ஒன்றும் நடவாததுபோல் வந்து காப்பிக்கு உட்கார்ந்து, "இன்றைக்குச் சர்க்கரை வேண்டாம்" என்றேன். என் மனைவி ஆச்சரியத்துடன் என்னைப் பார்த்தாள், காரணம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. என் தகப்பனாருக்கு நீரிழிவு இருந்தது. செருப்புக் கடித்துக் காலில் உண்டான ஒரு சிறு புண் ஆறாமல் வளர்ந்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடும்படி நேர்ந்தது. அந்தக் காட்சியைப் பார்த்தவனுக்கு எறும்பு வரிசை வெறும் எறும்பு வரிசையாகத் தோன்றுமா?

அன்று முதல் மூன்று மாத காலம் நான் பட்ட அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல. தினந்தோறும் சிறுநீரின் நிறத்தை ஆராய்ந்தேன். ஒரு நாள் அது வெளுப்பாயிருந்தால், "உடம்பின் சாரமெல்லாம் நீராய்ப் போகிறது" என்று பயம். மறுநாள் மஞ்சளாயிருந்தால், "ஈரலும் கெட்டுவிட்டது" என்று பயம். நுரை கண்டால் அன்றிரவு தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாததால் இரண்டு முறை எழுந்து போவேன். இரண்டு முறை எழுந்ததையே வியாதிக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்வேன். பயப்படுகிறவனுக்குச் சாட்சிகள் கிடைப்பதில் குறைவே இல்லை!

எல்லாம் செய்தேன், செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் செய்யவில்லை. வைத்தியரிடம் போகவில்லை. போனால் அவர் "ஆம்" என்று சொல்லிவிடுவாரே!

கடைசியில் ஒரு நாள் என் மனைவியே பொறுமை இழந்து, எங்கள் குடும்ப டாக்டரிடம் என்னை அழைத்துப் போனாள். வயது முதிர்ந்தவர், அவசரம் அறியாதவர். என் புராணம் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உம்முடைய எறும்பு சாஸ்திரம் ஒன்றும் புதிதல்ல" என்றார் அவர். "நம் பழைய ஆயுர்வேத நூல்களே இந்த வியாதிக்கு மதுமேகம் என்று பெயரிட்டன, எறும்பு மொய்ப்பதையும் கண்டு சொல்லின. 1674-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் நோயாளியின் சிறுநீர் தேன்போல் இனிக்கிறது என்று எழுதினார். எப்படிக் கண்டார் என்று கேட்க வேண்டாம். 1776-இல் மாத்யூ டாப்ஸன் என்பவர் அந்த நீரைக் காய்ச்சி வற்றவைத்து, மிஞ்சியது சர்க்கரைதான் என்று காட்டினார். ஆனால் எறும்பை நம்பி மருந்து கொடுக்க முடியாது. சோப்பு நுரைக்கும் ஈரத்துக்குங்கூட எறும்பு வரும்."

பிறகு அவர் சொன்ன உபமானம் என் மனத்தில் நன்றாய்ப் பதிந்தது. இரத்தத்தில் உள்ள சர்க்கரை ஏரி நீரைப் போன்றது. சிறுநீரகம் அந்த ஏரியின் கலிங்கு. சாதாரணமாகச் சிறுநீரகம் சர்க்கரையைச் சிந்தவிடாமல் திரும்ப இரத்தத்துக்கே சேர்த்துவிடுகிறது. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமுக்கு மேற்பட்டால்தான் கலிங்கு வழிகிறது. வழியும் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது. ஆகவே அதிகமாகச் சிறுநீர் போகிறது. அதனால் நாக்கு வறண்டு தாகம் எடுக்கிறது. உண்ட உணவு உடம்பில் ஒட்டாமையால் பசி மிகுந்து, உடல் மெலிகிறது.

"இதில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது" என்றார் டாக்டர். "கலிங்கு வழியவில்லை என்பதால் ஏரியில் நீர் குறைவு என்று அர்த்தமல்ல. முக்கால் ஏரி நிரம்பியிருக்கும்போதே கரை அரிக்கத் தொடங்கலாம். எனவே சிறுநீரில் சர்க்கரை இல்லை என்பதைக் கொண்டு வியாதி இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. கலிங்கு தாழ்வாயிருந்தால் குறைந்த நீரும் வழியும். கர்ப்ப ஸ்திரீகள் சிலருக்கு இப்படி உண்டு. இப்போது வந்திருக்கும் சில நீரிழிவு மருந்துகள் வேண்டுமென்றே சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுகின்றன. ஏரியின் ஆழத்தைத்தான் அளக்க வேண்டும். அதாவது, இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்."

என் மற்றப் பயங்களுக்கும் அவரிடம் சமாதானம் இருந்தது. போதிய தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகும். பி வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் பளிச்சென்ற மஞ்சள். பீட்ரூட் சாப்பிட்ட சிலருக்குச் சிவப்பு. வேகமாய் விழும் நீரில் நுரை எழுவது இயல்பு. ஆனால் நுரை நாள்தோறும் தங்கி நின்றால் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். எரிச்சலும் காய்ச்சலும் சேர்ந்தால் கிருமியின் வேலை. வயதான ஆண்கள் இரவில் பலமுறை எழுவதற்குப் பிராஸ்டேட் சுரப்பி வீங்குவதும் காரணமாகலாம். காரணம் தெரியாமல் இரத்தம் கலந்து வந்தாலோ, கண்ணும் மஞ்சளித்தாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

டாக்டர் எனக்குப் பரிசோதனைச் சீட்டு எழுதினார். எழுதிய கை சட்டென்று நின்றது. என் மனைவியை நோக்கி, "அம்மா, வந்ததிலிருந்து மூன்று தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டீர்களே! இரவில் எழுந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"நாலைந்து தடவை" என்றாள் அவள். "வேலை அசதி, டாக்டர். வெயில் வேறு."

அவள் பெயருக்கும் ஒரு சீட்டு எழுதினார்.

மறுநாள் காலை இருவரும் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்தோம். 75 கிராம் குளுகோஸ் கரைத்த நீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுத்தோம். வெறும் வயிற்றில் 126-ம், பிறகு 200-ம் எட்டினால் நீரிழிவு என்பது கணக்கு. எனக்கு 92, 118. என் மனைவிக்கு 188, 274.

எறும்புகள் பொய் சொல்லவில்லை. நான்தான் விலாசத்தைத் தவறாகப் படித்துவிட்டேன்.

வீடு திரும்பும் வழியில் என்னால் பேச முடியவில்லை. மூன்று மாதமாக என் சிறுநீரின் நிறத்தை ஆராய்ந்த நான், பக்கத்தில் படுத்தவள் இரவில் எத்தனை முறை எழுந்தாள் என்று கவனித்தேனா? அவளுடைய ரவிக்கைகள் தொளதொளவென்று ஆனதைக் கண்டேனா? அவளோ, "உங்களுக்கு ஒன்றும் இல்லையே, அது போதும்" என்றாள். அந்த வார்த்தைதான் என்னை மிகவும் சுட்டது.

1922-க்கு முன்னால் இந்த வியாதி கடுமையாகக் கண்ட குழந்தைகளுக்கு மரணம் ஒன்றே கதியாயிருந்தது. 1921-இல் கனடா நாட்டு டொரான்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்ஸுலினைப் பிரித்தெடுத்தார்கள். மறு வருஷம் ஜனவரியில் அது ஒரு பதினாலு வயதுப் பையனுக்குச் செலுத்தப்பட்டது. இன்று மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, நடை இவற்றாலேயே அநேகர் சுகமாய் இருக்கிறார்கள். அப்படியிருந்தும், இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளதாக 2023-இல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. அவர்களில் எத்தனை பேர் "வேலை அசதி" என்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்களோ!

ஆகையால், குடும்பஸ்தர்களே, பெற்றோருக்கு நீரிழிவு இருந்தாலும், உடல் பருத்திருந்தாலும், முப்பது வயது கடந்தாலும் சோதித்துக்கொள்ளுங்கள். காரணமில்லாத தாகமும் மெலிவும் கண்டால் உடனே சோதியுங்கள். அவற்றுடன் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்கே செல்லுங்கள். போகும்போது தனியே போகாதீர்கள். வீட்டு அம்மாளையும் அழைத்துச் செல்லுங்கள்.

இப்போது தினமும் மாலையில் நாங்கள் இருவரும் நடக்கப் போகிறோம். காப்பியில் இருவருக்குமே சர்க்கரை கிடையாது. இரவில் அவள் கால்களில் புண், கொப்புளம் உண்டா என்று விளக்கருகில் பார்ப்பது என் வேலை. ஸ்நான அறையிலிருந்து எறும்புகள் போய்விட்டன. வெல்ல டப்பாவைச் சுற்றி மட்டும் சில இன்னும் திரிகின்றன. அவற்றை நான் விரட்டுவதில்லை.