குருகின் கண் எந்தப் பக்கம்?

ஒரு பாட்டு மாணவருக்குப் புரிந்ததா என்று அறியப் பள்ளிகள் கேட்பது பொழிப்புரை. உரைநூலை உருப்போட்டவரும் பாட்டில் தோய்ந்தவரும் அதில் ஒன்றுபோலவே எழுதிவிடலாம். அதே பாட்டைப் படமாக வரையச் சொன்னால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்காது.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். கபிலர் பாடியது, ஐந்தே அடி. தலைவன் தன்னைக் களவில் மணந்தபோது அருகில் யாரும் இல்லை, அவன் சொல் தவறினால் என்ன செய்வது என்று தலைவி கலங்குகிறாள். அங்கே இருந்தது ஒரு குருகு மட்டும்; அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனுக்குக் காத்து நின்றது. வரைபவர் ஆற்றையும் கரையையும் எளிதில் முடித்துவிடுவார். பென்சில் குருகிடம் வந்ததும் தயங்கும். கண் எந்தப் பக்கம்? காதலர் பக்கம் என்றால் தலைவிக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது. நீர்ப் பக்கம் என்றால் இருந்த ஒரே உயிரும் எதையும் கவனிக்கவில்லை. பாட்டின் வலி முழுதும் கண்மணியாக வைக்கும் அந்தப் புள்ளியில் இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு: தலைவி பேசுவது பிறகு, தோழியிடம். அப்படியானால் படத்தில் தலைவன் இருக்கலாமா? குருகின் காலுக்குக் கபிலர் தினைத்தாளை உவமை சொல்கிறார். தினைப்பயிரைக் கண்டிராத பிள்ளை அந்தக் காலை வரைவதற்காகவே அதைத் தேடிப் பார்க்க நேரும்.

செம்மண்ணில் பெய்த நீர்போல இரு நெஞ்சங்கள் கலந்ததைச் சொல்லும், செம்புலப்பெயனீரார் பாடிய 40ஆம் பாட்டுக்கு ஆள் உருவமே தேவையில்லை. நனைந்த தாளில் காவி நிறத்தைச் சொட்டவிட்டு, பிறகு நீரையும் நிறத்தையும் பிரிக்க முயன்று பார்த்தாலே போதும்.

படத்தோடு வேலை முடிவதில்லை. எந்தச் சொல் எந்தக் கோட்டுக்குக் காரணம் என்று மாணவர் இரண்டு வரி எழுத வேண்டும். இதை விட்டால் அது வெறும் ஓவிய வகுப்பு. அமெரிக்கப் பள்ளிகளில் கையாளப்படும் ‘ஸ்கெட்ச் டு ஸ்ட்ரெட்ச்’ முறையில், வரைந்தவர் கடைசியில்தான் வாய் திறப்பார். அதற்குள் மற்றவர்கள் தாங்கள் கண்டதைச் சொல்லிவிடுவார்கள். வரைந்தவர் நினைக்காத பொருளும் சில வேளை அதில் கிடைக்கும்.

மதிப்பெண் கோட்டின் அழகுக்குப் போகக் கூடாது. போனால் நன்றாக வரையத் தெரிந்த இரண்டு மூன்று பேருக்கே பாட்டு சொந்தமாகிவிடும். குச்சி மனிதர்கள் போதும். எல்லாப் பகுதிகளும் இதற்கு வளைந்து கொடுப்பதும் இல்லை. வாதமாக நகரும் உரைநடையையும் உவமை இல்லாத அறக்குறள்களையும் வரையச் சொன்னால் பெரும்பாலும் தராசும் விளக்கும்தான் வரும்.