கூத்துக் களரியில் நிற்போர்

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்த சீயமங்கலத்துத் தூணாண்டார் திருக்கோயில், கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அக்குடைவரையின் அரைத்தூண் ஒன்றில் கூத்தப்பிரான் ஆடுகின்றான். அருகே ஒருவர் முழவிசைக்கின்றார். ஆடும் பெருமானைச் செதுக்கிய சிற்பி, இசைப்பவரை விட்டுவிடவில்லை. குடைவித்த மன்னனும் 'மத்தவிலாசம்' என்னும் வடமொழி நாடகம் இயற்றியவனே. அந்நாடகத்தில் சூத்திரதாரன் முன்வந்து, நடியோடு உரையாடிய பின்னரே கதை தொடங்கும்.

அச்சூத்திரதாரன் பணியை நம் பக்கத்துத் தெருக்கூத்தில் இருவர் பகிர்ந்துகொள்கின்றனர் எனலாம். வாத்தியார் பாடம் சொல்லி, வேடம் பகுத்து, ஆட்டத்தை நடத்துவார். கட்டியக்காரன் களரியில் நின்று, திரைக்குப் பின்னிருப்பவர் யாரென வினவி அவைக்கு அறிவிப்பான். அவனை வெறுங் கோமாளி என்பார், கூத்தை விடியும்வரை பார்த்தவர் அல்லர். வாயிற்காவலன் அவன், தூதனும் அவன், பாட்டின் பொருளைப் பாமரர்க்கு விளக்குவோனும், உறங்குவாரை நகையால் எழுப்புவோனும் அவனே.

திரையாவது இருவர் பிடித்து நிற்கும் ஒரு துணி. அதன் பின்னின்று வேடதாரி பாடித் தோன்றுவான். கல்யாண முருக்கு மரத்தாற் செய்த கிரீடமும் புசக்கட்டையும் சுமந்து, சுழன்று ஆடிப் பாடுபவனுக்கு மூச்சு வாங்க இடம் வேண்டாவோ? அவன் விட்ட அடியைப் பின்பாட்டுக்காரர் ஏந்திக்கொள்வர். மிருதங்கமும் ஆர்மோனியமும் தாளமும் முகவீணையும் உடன் நிற்கும். வேடம் கட்டியவர் தம் பகுதி முடிந்ததும் உள்ளே சென்று இளைப்பாறலாம். பின்பலகையில் அமர்ந்தோர்க்கோ அந்த ஓய்வும் இல்லை.

செஞ்சியை அடுத்த மேலைச்சேரியைத் தாய்க்கோயிலாகப் போற்றும் திரௌபதியம்மன் விழாக்களில் இதனைக் கண்கூடாகக் காணலாம். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவில் கூத்து நிகழும். பாசுபதம் வேண்டிச் சிவபெருமானை நோக்கி அருச்சுனன் தவமிருக்க, ஊரார் உயர்ந்த மரம் நடுவர். வேடதாரி பாடிக்கொண்டே அதன்மேல் ஏறுவான். படுகளத்துக்கு மண் குழைத்துத் துரியோதனன் உருவைப் பெரிதாகச் சமைப்போரும் ஊராரே.

இங்ஙனமிருக்க, மாலையும் துண்டும் கிரீடம் தரித்தவர்க்கே செல்லும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. செலவைச் சுருக்கும்போதும் முதலிற் குறைவது பின்பலகையே. முகவீணை வாசிப்போர் ஏற்கெனவே அருகிவிட்டனர். இருப்பவரையும் இழந்தால் ஆர்மோனியம் அக்குறையை நிரப்பாது. ஆதலின் தபசு இரவில் அருச்சுனனுக்கு மாலையிடக் காத்திருக்கும் அன்பர்கள், அவன் மரமேறுமுன்னரே அப்பின்பலகைக்கு ஒரு தட்டு அனுப்பி வைப்பாராக.