கோணலைக் காட்டிக் கொடுக்கும் நட்சத்திரம்

தொலைநோக்கியில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தால் சற்று நேரத்தில் அது பார்வையை விட்டு நழுவிவிடும். ஓடுவது நட்சத்திரமல்ல, சுழல்வது நம் பூமி. அந்தச் சுழற்சிக்கு ஈடாகத் தொலைநோக்கியைத் திருப்பிக் கொண்டே இருக்க மோட்டாரும் வார்ம் கியரும் தேவை. கடைச் சரக்குக்கு விலை அதிகம் என்பதால், லேத் வேலை தெரிந்த வானியல் ஆர்வலர்கள் பலர் தாங்களே செய்து கொள்கிறார்கள். அது பிசகாமல் ஓடுகிறதா என்பதை எப்படி அறிவது?

முதலில் கணக்கு. பூமி ஒரு முறை சுழல ஆகும் நேரம் 24 மணி அல்ல; 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. 24 மணி என்று வைத்துப் பற்களை அமைத்தால், பத்தே நிமிடத்தில் தொலைநோக்கி சுமார் 25 விகலை பின்தங்கும். ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறுதான் விகலை.

அடுத்தது கைவேலை. 20 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் 0.01 மி.மீ. பிசகு இருந்தாலும் நட்சத்திரம் 20 விகலை விலகும். புகைப்படத்தில் புள்ளி கோடாகிவிடும். இரவெல்லாம் விழித்த உழைப்பு வீண்!

இதை அளக்க நட்சத்திரமே போதும். தொலைநோக்கியின் சுழல் அச்சு வடதுருவத்தை நோக்கியிருக்க வேண்டும். பெங்களூரில் தரையிலிருந்து 13 பாகை உயரம். சோதனைக்காக மட்டும் அதைக் கிழக்கிலோ மேற்கிலோ ஒரு பாகை திருப்புங்கள். ஓரியன் இடைவாரின் மேற்குக் கோடி நட்சத்திரம் உச்சிக்கு வரும் வேளையில் காமிராவைத் திறந்து, ஒரு நிமிடம் மோட்டாரை நிறுத்தி வையுங்கள். அப்போது விழும் கோடு 900 விகலை நீளம். அதுவே உங்கள் அளவுகோல். பிறகு மோட்டாரை அரை மணி நேரம் ஓட விடுங்கள். நட்சத்திரம் வடக்கு தெற்காக மெல்ல ஊர்ந்து இன்னொரு கோடு போடும்.

அது முதல் கோட்டுக்குச் செங்குத்தாக, நேராக இருந்தால் பொறி சரி. நேராக இருந்தும் சாய்ந்தால் வேகத்தில் தவறு. அலை அலையாக வளைந்தால் வார்மில் கோணல்; 180 பல் சக்கரமானால் எட்டு நிமிடத்துக்கு ஓர் அலை வரும். திடீரென்று துள்ளினால் பல்லில் தூசோ, இணைப்பில் ஆட்டமோ இருக்கலாம்.

ஆகவே, படம் கெட்டதென்று மாதக்கணக்கில் கடைந்த சக்கரத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சாய்வுக்கு மோட்டார் வேகத்தைத் திருத்தினால் போதும். அலைக்கு வார்மை மட்டும் மீண்டும் கடைய வேண்டியிருக்கும். திருத்திய பிறகு இதே சோதனையை மறுபடி செய்து பாருங்கள்.