கமராவுக்கு முன் திருத்துநரைத் தேடுங்கள்

நிலத்தை விட்டு வந்த குடும்பத்திற்கு, நிலம் இல்லாமலே செய்யக்கூடிய தொழில் ஒன்று வேண்டியிருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எமது மக்கள் மத்தியில் கலியாணம், சாமத்தியச் சடங்கு, முதல் நன்மை, பிறந்தநாள் என்று விழாக்களுக்குக் குறைவில்லை. ஆகவே, “மகனுக்கு ஒரு நல்ல கமரா வாங்கிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான்” என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. அதற்காகத் தாயின் நகை அடகுக்குப் போகிறது. வெளிநாட்டில் உள்ள உறவினரிடம் கடன் கேட்கப்படுகிறது. முயற்சி நல்லது. ஆனால் கடைவாசலில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது பழுதானால் யார் திருத்துவார்?

மிஷினும் கமராவும்

இக்கேள்வி விவசாயிக்குப் புதியதன்று. நீரிறைக்கும் மிஷின் வாங்கும்போது, எந்த மிஷினுக்கு ஊரில் சாமான் கிடைக்கும், எந்த மிஷின் எங்கள் மெக்கானிக்குக் கைபழக்கம் என்று விசாரித்த பின்பே காசை எண்ணிக் கொடுத்தீர்கள். 1990க்குப் பின் வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். இயந்திரத்தைத் திறந்து பார்க்கவும் விளங்கிக்கொள்ளவும் முடிந்ததாலேயே இது கைகூடியது.

டிஜிற்றல் கமரா வேறு வகை. அதன் உள்ளே ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் உணரி, மிக நுண்ணிய மின்சுற்றுக்கள், அவற்றை இயக்கும் மென்பொருள் என்பன நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு மாதிரிக்கு உரிய பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அந்தப் பாகமும் கம்பனியின் கையிலேயே இருக்கிறது. நிக்கோன் கம்பனி 2012இல் அமெரிக்காவில் தனது அங்கீகாரம் பெறாத திருத்தகங்களுக்கு உதிரிப்பாகம் விற்பதை நிறுத்தியது. 2020 மார்ச் மாதத்துடன், அங்கீகாரம் பெற்ற தனியார் திருத்தகங்களுடன் இருந்த ஒப்பந்தங்களையும் முடித்துக்கொண்டது. அமெரிக்காவிலேயே இந்த நிலை என்றால், கொழும்பில் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்கவேண்டும்!

விலை கூடியதும் பழுதாகும்

“விலை கூடிய சாமான், பிழை வராது” என்று சிலர் நம்புகிறார்கள். நடந்தவற்றைப் பார்ப்போம். 2012இல் விற்பனைக்கு வந்த நிக்கோன் டி600, தொழில் செய்வோரும் விரும்பி வாங்கிய விலை கூடிய கமரா. அதன் உணரியில் தூசும் எண்ணெய்த் துளிகளும் படிந்து, படங்களில் புள்ளிகள் விழுந்தன. பாவனையாளர் இடைவிடாது முறையிட்டனர். 2014 பெப்ரவரியில், வரன்டிக் காலம் முடிந்திருந்தாலும் இலவசமாகத் துப்புரவு செய்து ஷட்டரையும் மாற்றித் தருவதாகக் கம்பனி அறிவித்தது. அடுத்த மாதம் சீனத் தொலைக்காட்சி இதனை அம்பலப்படுத்தியதும், ஷங்காய் அதிகாரிகள் அந்தக் கமராவின் விற்பனையை நிறுத்தும்படி பணித்தனர்.

இன்னொரு சம்பவம் எமது காலநிலையோடு நேரடியாகத் தொடர்புடையது. சோனி கம்பனி தயாரித்த உணரிகள் சில, சூடும் ஈரமும் கூடிய இடங்களில் உட்தொடுப்பு விட்டுப் பழுதாயின. அவற்றை வேறு பல கம்பனிகளும் தமது கமராக்களில் பொருத்தியிருந்தன. 2005 ஒக்டோபரில் கனொன், நிக்கோன் உட்படப் பல கம்பனிகள் இலவசத் திருத்தத்தை அறிவித்தன. பெயர் வெவ்வேறாக இருந்தாலும் உள்ளே இருந்த உறுப்பு ஒன்றே.

கடற்காற்றும் பூஞ்சணமும்

வெள்ளவத்தை கடலோரம். கொட்டாஞ்சேனைக்கும் துறைமுகக் காற்று வரும். உப்புக் காற்று உலோகத் தொடுப்புக்களை அரிக்கும். ஈரம் வில்லையில், அதாவது லென்சில், பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். விதைநெல்லை ஈரம் படாமல் காத்தது போலக் கமராவையும் காக்கவேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளுடன் வையுங்கள். அவை ஈரம் ஏறிப் பயனற்றுப் போகுமுன் உலர்த்தவோ மாற்றவோ வேண்டும். தோற் பையிலோ துணி அலுமாரியிலோ நாட்கணக்கில் வைக்காதீர்கள்.

எந்த வரன்டி?

ஒரே மாதிரியான கமரா ஒரு கடையில் மலிவாகவும் இன்னொரு கடையில் விலை கூடியும் இருக்கும். காரணம் பெரும்பாலும் வரன்டியில் இருக்கிறது. ஒன்று கம்பனியின் உள்ளூர் முகவர் தருவது. மற்றது கடைக்காரர் தாமே தருவது. கடை மூடப்பட்டால் கடை வரன்டியும் மூடப்பட்டதே. கனடாவிலிருந்தோ டுபாயிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் கமராவுக்கும் இதே சிக்கல் உண்டு. பல வரன்டிகள் விற்கப்பட்ட நாட்டில் மாத்திரமே செல்லும்.

பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமானால் செலவும் டொலரோடு ஏறும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை நாம் மறக்கவில்லை.

பாவித்த கமரா வாங்குவோர், அதன் ஷட்டர் எத்தனை தரம் இயங்கியுள்ளது என்று கேட்டறிய வேண்டும். தொழிலுக்கான பல கமராக்களின் ஷட்டர் 150,000 தடவைகளுக்குப் பரிசோதிக்கப்பட்டது. ஒரு கலியாணத்தில் 2,000 படம் எடுத்தால் 75 கலியாணங்களில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பின்பும் இயங்கலாம். ஆனால் நம்பிக் கடன் எடுக்க முடியாது.

சட்டம் தரும் துணை

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபை அமைக்கப்பட்டது. பற்றுச்சீட்டுக் கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆகவேண்டும். கொடுத்த வரன்டிப்படி பொருள் அமையாவிட்டால், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் சபைக்கு எழுத்தில் முறையிடலாம். விசாரணையின் பின் நட்டஈடு வழங்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ சபை உத்தரவிடலாம். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் பற்றுச்சீட்டு இல்லாதவருக்கு வழக்கை நிரூபிப்பது கடினம். “பில் இல்லாமல் எடுத்தால் குறைத்துத் தருகிறேன்” என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் குறைப்போடு உங்கள் பாதுகாப்பும் குறைகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

வாங்குமுன் செய்யவேண்டியவை

1. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஏற்கனவே ஸ்ரூடியோ நடத்தும் இருவரிடமாவது, அவர்களுடைய கமரா எங்கே திருத்தப்பட்டது, எத்தனை நாள் சென்றது, என்ன செலவானது என்று கேளுங்கள்.

2. பாகம் இங்கே இருக்கிறதா, வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமா என்று முகவரிடம் நேரில் விசாரியுங்கள்.

3. பற்றுச்சீட்டிலும் வரன்டி அட்டையிலும் தொடரிலக்கம், திகதி, வரன்டி தருபவர் பெயர் என்பவற்றை எழுதுவியுங்கள். பிரதி ஒன்றை வேறிடத்தில் வையுங்கள்.

4. கையிலுள்ள பணம் முழுவதையும் கமராவில் போடாதீர்கள். ஒவ்வொரு ஓடரிலும் பத்தில் ஒரு பங்கைத் திருத்தச் செலவுக்கு ஒதுக்குங்கள்.

5. அயலிலுள்ள படப்பிடிப்பாளர் இருவர் மூவருடன், ஒருவர் கமரா பழுதானால் மற்றவர் கொடுத்துதவும் உடன்பாடு செய்யுங்கள். கமரா திருத்தகத்தில் கிடக்கும்போது கலியாண நாளும் காத்திராது. அடகு வட்டியும் காத்திராது.

ஊரில் அறுவடை நாளில் ஒருவர் மிஷின் நின்றால் அயலவர் மிஷின் வந்தது. அந்த வழக்கத்தைக் கொழும்புக்கும் கொண்டுவாருங்கள். இடம்பெயர்ந்தபோது வயலும் கிணறும் பின்னால் நின்றுவிட்டன. விசாரித்து வாங்கும் புத்தியும் கைமாற்றிக் கொள்ளும் பழக்கமும் உங்களுடனேயே வந்திருக்கின்றன.