தொலைந்த டேப்லெட்டும் வீட்டு முதியோரும்

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை என் தமக்கையார் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, டேப்லெட்டைக் காணோம்" என்றார். அவருக்கு வயது 74. இரத்த அழுத்தத்திற்காக நாள்தோறும் மாத்திரை உண்பவர். "அதற்கென்ன அக்கா, மருந்துக் கடையில் வேறு வாங்கிக்கொண்டால் போயிற்று" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குச் சொற்பொருள் கற்பித்தவன், அன்று ஒரு சொல்லிலே இடறி விழுந்தேன். அவர் தேடியது மகன் வாங்கித் தந்த கண்ணாடித் திரைக் கருவியை. மறைந்த அத்தானுடைய குரல் அதில் பதிவாகியிருந்தது, வேறெங்கும் இல்லை.

மாணவ மாணவியரே, வீட்டு முதியவர் ஒருவரின் கருவி தொலைந்தால் முதலில் அழைக்கப்படுபவர் நீங்கள்தாம். அதனாலேயே இதனை உங்களிடம் சொல்ல வந்தேன்.

நான் அக்காள் வீட்டை அடைந்தபோது, கல்லூரியில் பயிலும் அவர் பேரன், "எங்கே வைத்தீர்கள், பாட்டி?" என்று ஐந்தாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்கு விடை தெரிந்திருந்தால் பொருள் தொலைந்திராதன்றோ! "அதில் கடைசியாக என்ன பார்த்தீர்கள், அக்கா?" என்று நான் கேட்டேன். "கல்யாணப் படங்கள்" என்றார். சற்றுப் பொறுத்து, "பஸ்ஸில்" என்றார். வினாவை மாற்றியதும் நினைவு வழிவிட்டது.

வீட்டிற்குள்ளேயே தொலைந்திருந்தால் வேலை எளிது. ஆண்ட்ராய்டு கருவிகளுக்குக் கூகுளின் 'ஃபைண்ட் ஹப்', ஐபேடுக்கு ஆப்பிளின் 'ஃபைண்ட் மை' என்னும் செயலிகள் உள்ளன. அவற்றின் வழியே ஒலியெழுப்பச் செய்தால், ஒலியை அடக்கி வைத்திருந்தாலும் கருவி கூவும். ஆனால் முதுமையில் முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் ஆற்றல். ஆகையால் அறை அறையாக நடந்து செவிகொடுக்க வேண்டியவர் நீங்களே.

வெளியில் தொலைந்ததாயின், கருவி இணையத்தோடு தொடர்பிலிருந்தால் தன் இருப்பிடத்தை உரியவரின் கணக்கிற்குத் தெரிவிக்கும். தொடர்பு அற்றிருந்தால் கடைசியாகத் தெரிந்த இடமே வரைபடத்தில் நிற்கும். இதற்கும் ஒரு மாற்று வழி கண்டிருக்கிறார்கள். கருவி புளூடூத் வாயிலாக மெல்லிய குறிப்பலைகளை விட்டுக்கொண்டிருக்க, அருகே செல்வோரின் கைபேசிகள் அதனை உணர்ந்து, அது யாருடையது என்றறியாமலே செய்தியைக் கடத்துகின்றன. ஆப்பிள் இதை 2019-இலும், கூகுள் 2024-இலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. கடைத்தெருவில் இது நன்கு உதவும்; ஆளில்லா வயல்வெளியில் உதவாது.

இனி, கணக்கினுள் நுழைவதெப்படி? உதவுவோருக்கென்றே ஃபைண்ட் ஹப்பில் விருந்தினராக நுழையும் வழி உண்டு. அக்காளின் கடவுச்சொல் பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் இருந்தது. பேரன் அந்த நோட்டுக்குக் கை நீட்டினான். அக்காள் தாமே அவன் கைபேசியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். அதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஆகட்டுமே! கணக்கு அவருடையது. அடுத்து ஒரு சரிபார்ப்பு எண் வேண்டும். அது தொலைந்த கருவிக்கே செல்லுமாயின், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போலாகும். நல்ல வேளையாக அவருடைய சிறிய பொத்தான் போனுக்கு எண் வந்தது. அத்தகைய இரண்டாம் போன் இல்லாதவர்க்காகக் கூகுள் கணக்கில் 10 மாற்று எண்களை முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளலாம். ஆப்பிளில், ஐகிளவுட் இணையதளத்தின் தேடற் பகுதிக்குள் நுழையக் கடவுச்சொல்லே போதும். சரிபார்ப்பு எண் தேவையில்லை.

வரைபடம் முந்தைய மாலையில் பேருந்து நிலையத்தருகே ஒரு புள்ளியைக் காட்டியது. பேரன் சிறிதும் தாமதியாமல், அனைத்தையும் அழித்துவிடும் கட்டளைக்கு விரலைக் கொண்டுபோனான். "பொறு" என்றேன். திருடர் கைக்கு எதுவும் போகலாகாது என்பது அவன் எண்ணம், அதில் குற்றமில்லை. ஆனால் ஆண்ட்ராய்டு கருவியை அவ்வாறு அழித்தபின் அதன் இருப்பிடம் நமக்குத் தெரியாது. அத்தானுடைய குரலும் அதனோடு போயிருக்கும். முதலிற் செய்யத்தக்கது தொலைவிலிருந்தே பூட்டுதல். பூட்டிய திரையில் ஒரு செய்தியும், அழைப்பதற்கு ஓர் எண்ணும் தோன்றச் செய்யலாம். பொத்தான் போனின் எண்ணைக் கொடுத்தோம். ஐபேடாயின், அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுதல் பெரும்பிழை. 2013-இல் ஆப்பிள் கொண்டுவந்த பூட்டு ஒன்று, எடுத்தவர் அதைப் புதிதாகத் தொடங்கிப் பயன்படுத்தவொட்டாமல் காக்கிறது. நீக்கினால் அப்பூட்டு கழன்றுவிடும்.

பிறகு வங்கிக்குத் தெரிவித்தோம்; கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றினோம். காவல் நிலையத்தில் முறையிடுவதற்காக, கருவி வந்த அட்டைப்பெட்டியிலிருந்து அதன் தொடரெண்ணைக் குறித்துக்கொண்டோம். சிம் இடும் வகையாயின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் அப்பெட்டியில் இருக்கும். வைஃபை மட்டும் உள்ளவற்றிற்கு அது கிடையாது. புள்ளி ஏதேனும் ஒரு வீட்டின்மேல் நின்றால் நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள். "உங்கள் கருவி கிடைத்துவிட்டது, இங்கே கடவுச்சொல்லை இடுக" என்று குறுஞ்செய்தி வந்தால், அது பெரும்பாலும் பூட்டைத் திறக்க முயலும் வஞ்சகர் வேலையே. பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

மறுநாள் பகல் பதினொரு மணியளவில் பொத்தான் போன் ஒலித்தது. இருக்கையின் அடியில் கிடந்ததை நடத்துநர் எடுத்துப் பணிமனையில் ஒப்படைத்திருந்தார். மின்சாரம் தீர்ந்து அணைந்திருந்த கருவிக்கு அங்கிருந்த ஒருவர் சார்ஜ் ஏற்றியவுடன், எங்கள் செய்தி திரையில் வந்து நின்றதாம்.

அன்று மாலையே பேரன் அந்தப் பதிவை இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்தான். அப்போதுதான் நானும் அதை முதன்முதலாகக் கேட்டேன். அத்தான் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, அரைப்படி பாலுக்காகப் பால்காரரோடு வழக்காடிக்கொண்டிருந்தார்.