ஆய்வுக்கூடத்தை விட்டு எழுந்து வந்த டாக்டர்

1986-ம் ஆண்டின் தொடக்கம். சென்னையில் ஒரு வீட்டு ஃபிரிட்ஜில், பாலும் காய்கறியும் இருக்கவேண்டிய இடத்தில் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் மாதிரிகள் இருந்தன. மருத்துவ மேற்படிப்பு மாணவி நிர்மலாவின் வீடு அது. காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடமிருந்து அவர் சேகரித்தவை அவை. கையுறைகூடக் கிடையாது. ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவர் கணவர்.

இந்த ஆய்வைச் செய்யச் சொன்னவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன். 'எய்ட்ஸா? அது வெளிநாட்டுக்காரர்களின் நோய்' என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வேறு ஏதாவது சாதாரணத் தலைப்பைக் கொடுத்திருந்தால் மாணவிக்கும் நிம்மதி, பேராசிரியருக்கும் நிம்மதி!

சென்னையில் எலிசா பரிசோதனை வசதி இல்லாததால், மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்கு ரயிலில் கொண்டுபோனார் நிர்மலா. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. நம்ப முடியாமல் அந்தப் பெண்களிடம் மீண்டும் ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவில் செய்த பரிசோதனையும் அதையே உறுதிசெய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. மே மாதம் அன்றைய சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார்.

பெரிய கண்டுபிடிப்பு. ஆய்வுக் கட்டுரைகள், கருத்தரங்குகள் என்று சுனிதி அதோடு நின்றிருக்கலாம். மருத்துவக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் துறை என்பது ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடும். நோயாளியின் முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியம் அதிகம் இருக்காது. ஆனால், 'உங்களுக்கு எச்.ஐ.வி இருக்கிறது' என்று முடிவு சொன்ன பிறகு அந்த மனிதர்கள் எங்கே போவார்கள்? தொட்டுப் பார்க்கவே பல டாக்டர்கள் பயந்தார்கள். இதய அறுவை சிகிச்சை நிபுணரான கணவருக்கும் முதலில் தயக்கம்தான். அவர்களின் கதைகளைக் கேட்டால் நீங்கள் இப்படிப் பேச மாட்டீர்கள் என்பதே அவருக்கு சுனிதி சொன்ன பதில்.

1993-ல் அரசுப் பணியை விட்டுவிட்டு, தன் தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி கேர் மையத்தைத் தொடங்கினார். ஆலோசனை, சிகிச்சை, ஆராய்ச்சி மூன்றும் ஒரே இடத்தில். ஆராய்ச்சி செய்துகொண்டே நோயாளிகளையும் பார்ப்பது சொல்லத்தான் சுலபம். வாசலில் நோயாளி காத்திருக்கும்போது கட்டுரை எழுத யாருக்கு மனம் வரும்? ஆனால், இங்கே ஆய்வுக்கான கேள்விகளே அந்த வாசலிலிருந்துதான் வந்தன. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களில் பலர் சாதாரண இல்லத்தரசிகள். அவர்களைப் பற்றி மையத்தின் மருத்துவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரை 2000-ல் வெளியானது. தொற்று இருந்த 134 பெண்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். 'தப்பு செய்தவர்களுக்கு வரும் நோய்' என்ற பேச்சுக்கு அது எண்களில் சொன்ன பதில்.

தம்பதிகளில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்தால் மற்றவரைக் காப்பாற்ற முடியுமா? 9 நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்த பெரிய ஆய்வில் இந்த மையமும் பங்கேற்றது. சிகிச்சையைச் சீக்கிரமே தொடங்கினால், துணைக்குத் தொற்றும் அபாயம் 96 சதவிகிதம் குறைகிறது என்று 2011-ல் முடிவு வந்தது. மையத்தில் டாக்டர் குமாரசாமி போன்றவர்கள் காலையில் நோயாளிகளைப் பார்த்த அதே கையோடு இப்படிப்பட்ட ஆய்வுகளையும் நடத்தினார்கள்.

2015 ஜூலையில் சுனிதி காலமானார். 2017-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கடைசி வருடங்களில் அவர் இன்னொரு வேலையும் பார்த்தார்: கல்யாணத் தரகு! தொற்றுள்ளவர்களுக்குத் தொற்றுள்ளவர்களிலேயே வரன் தேடிக் கொடுப்பார். படிப்பு, சம்பளம் எல்லாம் பார்ப்பார். கூடவே இருவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.