உள்ளமும் வாயும் மெய்யும்

சத்தியத்தைக் குறிக்கத் தமிழில் மூன்று சொற்கள் உள்ளன: உண்மை, வாய்மை, மெய்மை. உள்ளத்தில் பொய் இல்லாதிருத்தல் உண்மை. வாயில் பொய் இல்லாதிருத்தல் வாய்மை. மெய்யில், அதாவது உடம்பினால் ஆற்றும் செயலில், பொய் இல்லாதிருத்தல் மெய்மை என்று நம் பெரியோர் இவற்றுக்குப் பொருள் விரித்துள்ளனர். வடமொழியாளர் இதனையே திரிகரண சுத்தி என்பர். சொற்கள் மூன்றாக இருப்பதிலேயே ஓர் எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. உள்ளமும் வாயும் மெய்யும் தாமாகவே ஒன்றியிருக்குமாயின் ஒரு சொல்லே போதுமல்லவா? அவை பிரிந்து போகும் இயல்புடையவை. முயன்று ஒன்றுசேர்க்க வேண்டியவை.

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மைப் போன்றோருக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி என்று நம் நாள் கழிகிறது. உடை மாறுகிறது; உணவு மாறுகிறது; ஒருவரை ஒருவர் வரவேற்கும் முறையும் மாறுகிறது. விடுமுறையில் ஊருக்குச் சென்றால், "நீங்கள் முன்போல் இல்லை" என்று உறவினர் குறைப்படுகின்றனர். இடத்துக்கு இடம் மாறும் நாம் போலி வாழ்க்கை வாழ்கிறோமோ என்ற ஐயம் நம்மில் பலருக்கு எழுவது இயற்கையே. இந்த ஐயத்தைச் சற்று ஆராய்வோம்.

கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள கரியாஹாட் நாற்சந்தியில் மாலை வேளையில் சிறிது நேரம் நின்று பார்த்தால் இதற்கு ஒரு விடை கிடைக்கும். ராஸ்பிகாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் இடம் அது. மேற்கே போனால் லேக் மார்க்கெட். அங்கே வாழையிலையும் முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும் கிடைப்பதால் தென்னாட்டுக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இந்தச் சுற்றுப்புறத்திலேயே வாழ்ந்து வருகின்றன. நாற்சந்தியின் நடைபாதைகளில் வரிசையாகச் சேலைக் கடைகள். கடைக்காரர் ஒரு சேலைக்கு எண்ணூறு ரூபாய் என்கிறார். வாங்க வந்த அம்மையார் முந்நூறு என்கிறார். "உங்களுக்காக நஷ்டத்துக்கே தருகிறேன்" என்கிறார் கடைக்காரர். அம்மையார் வேண்டாமென்று நாலடி நடக்கிறார். பின்னாலிருந்து குரல் கேட்டதும் திரும்புகிறார். இருவர் சொன்னதும் எழுத்துப்படி உண்மை அன்று. ஆயினும் இருவரில் எவரும் ஏமாறவில்லை. அது அங்காடியின் மொழி. அதன் பொருள் இருவருக்கும் தெரியும். ஆனால் சாயம் போகும் சேலையைச் சாயம் போகாதது என்று சொல்லி விற்றாலோ, அது வஞ்சகம். வாங்குபவர் ஒன்றை நம்ப, விற்பவர் வேறொன்றை உள்ளே மறைத்து வைத்திருக்கிறார்.

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எங்களுக்கு இவ்வேறுபாடு நாள்தோறும் கண்முன் நிற்பது. ஓர் ஆணை ஆங்கிலத்திலிருந்து இந்திக்குச் செல்லும்போது அதன் சொற்கள் மாறிவிடுகின்றன, எழுத்தும் மாறிவிடுகிறது, வாக்கியத்தின் முன்பகுதி பின்னுக்கும் பின்பகுதி முன்னுக்கும் போகின்றன. இவ்வளவு மாறிய பின்னும் அதனைப் பொய் என்று எவரும் கூறுவதில்லை. ஆனால் 'அளிக்கப்படும்' என்றிருந்தது 'அளிக்கப்படலாம்' என்று ஆகிவிட்டால், ஏனைய சொற்களெல்லாம் செம்மையாக இருந்தும் அது பிழையான மொழிபெயர்ப்பே. மொழி மாறலாம், பொருள் மாறக்கூடாது.

வாழ்க்கைக்கும் இதுவே அளவுகோல் என்று கொள்ளலாம். வேட்டியை விட்டுக் கால்சட்டை அணிவதும், துர்க்கா பூசைப் பந்தலில் அண்டை வீட்டாரோடு நின்று மலரஞ்சலி செய்வதும், கடைத்தெருவில் வங்காளத்தில் பேசுவதும் மொழி மாற்றங்களே. திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தில் அம்பையும் யாழையும் எடுத்துக் காட்டுகிறார். வடிவில் நேராக இருந்தும் அம்பு உயிரைப் போக்குகிறது. வளைந்திருந்தும் யாழ் செவிக்கு இன்பம் தருகிறது. ஆகவே தோற்றத்தை விட்டுச் செயலைக் கொண்டே மனிதரை அறிய வேண்டும் என்பது அவர் கருத்து.

இன்னொரு மயக்கத்தையும் இங்கே நீக்கிக்கொள்வது நலம். மனத்தில் தோன்றியதையெல்லாம் உடனே கொட்டிவிடுவதே நேர்மை என்று கருதுவோர் உளர். உணர்ச்சி வேறு, நாம் மதித்துப் போற்றும் கொள்கை வேறு. அலுவலகத்தில் ஒருவர் மீது நமக்குச் சினம் எழுகிறது. அது எழுந்ததை நமக்கு நாமே மறைக்காமல் ஒப்புக்கொள்வது உண்மை. எவரையும் மரியாதையோடு நடத்த வேண்டும் என்பது நம் கொள்கையானால், அந்த வேளையில் குரலைத் தணித்துப் பேசுவது போலியாகாது. கொள்கைக்குச் செயல் கட்டுப்படுவதே ஆகும். வாய்மைக்கு இலக்கணம் கூற வந்த வள்ளுவரும், பிறருக்குத் தீங்கு விளைக்காத சொல்லே அது என்றுதான் தொடங்குகிறார்.

அப்படியாயின் உண்மையான பிளவு எங்கே நேர்கிறது? எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றையே எடுத்துக் கூறுகிறோம்.

கரியாஹாட் வட்டாரத்து வீடுகளில் வேலை செய்யும் பெண்களில் பலர், தெற்கு இருபத்துநான்கு பர்கானா மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து அதிகாலை ரயிலில் ஏறி, பாலிகஞ்ச் நிலையத்தில் இறங்கி வருகிறவர்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஓர் அம்மையார் பல ஆண்டுகளாக வருகிறார். வங்காள வழக்கப்படி அவரை 'மாஷி' என்று அழைக்கிறோம். தாயின் உடன்பிறந்தவள் என்பது அதன் பொருள். நம் வழக்கில் பெரியம்மா அல்லது சித்தி. நாள்தோறும் காலையில் அவருக்குத் தேநீர் கொடுப்போம். அதற்கென்று ஓர் எவர்சில்வர் தம்ளர் சமையலறைச் சன்னலோரத்தில் தனியே கவிழ்ந்திருந்தது. அதை அங்கே யார், எப்போது வைத்தோம் என்பது எங்களுக்கு நினைவில்லை.

பாரதியார் விழா ஒன்றில் பேசுவதற்காக எங்கள் மகளுக்கு ஒரு சொற்பொழிவு எழுதிக் கொடுத்திருந்தோம். 1913ஆம் ஆண்டு புதுச்சேரியில், தாழ்ந்த குலத்தவர் என்று ஒதுக்கப்பட்ட கனகலிங்கம் என்ற இளைஞருக்குப் பாரதியார் பூணூல் அணிவித்த வரலாறு அதில் இடம்பெற்றிருந்தது. பதினொரு வயதுச் சிறுமி கூடத்தில் நின்று அதை உரக்கப் படித்துப் பழகிக்கொண்டிருந்தாள். மாஷி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சை நடுவில் நிறுத்திய மகள், "அப்பா, மாஷி என்றால் சித்திதானே? சித்திக்கு எதற்குத் தனித் தம்ளர்?" என்று கேட்டாள்.

எங்களுக்கு வாய் எழவில்லை. தூய்மைக்காக என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்தத் தம்ளரைத் துலக்குகிறவரும் அவரே. எங்கள் தம்ளர்களைத் துலக்குகிறவரும் அவரே. மொழிபெயர்ப்பாளர் வீட்டில் ஒரு சொல் இத்தனை ஆண்டுகளாகப் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டு வந்திருக்கிறது. வாய் சித்தி என்றது. கை வேறொன்றைச் செய்தது.

இதே நகரத்தில் வாழ்ந்த ஒரு பெரியாரின் வரலாறு அப்போது எங்கள் நினைவுக்கு வந்தது. ஈசுவர சந்திர வித்தியாசாகர் 1820ஆம் ஆண்டு பிறந்து 1891ஆம் ஆண்டு மறைந்தவர். கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். விதவை மறுமணத்துக்குச் சாத்திரத்தில் இடமுண்டு என்று 1855ஆம் ஆண்டு நூல் எழுதி, அரசுக்கு விண்ணப்பமும் அனுப்பினார். எதிர்த்துக் கையெழுத்திட்டோர் தொகை, ஆதரித்தோர் தொகையைப் போல் பன்மடங்கு. ஆயினும் 1856ஆம் ஆண்டு ஜூலையில் சட்டம் நிறைவேறியது; அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள் அச்சட்டத்தின்படி முதல் திருமணம் கல்கத்தாவில் நடந்தேறியது. பின்னர் நடந்த பல திருமணங்களின் செலவை அவரே ஏற்றார். உதவுவதாக வாக்களித்தவர்களில் பலர் பின்வாங்கிவிட, அவர் பெருங்கடனில் ஆழ்ந்தார்.

சோதனை பின்னர் அவர் வீட்டு வாயிலுக்கே வந்தது. 1870ஆம் ஆண்டு அவருடைய ஒரே மகன் நாராயண சந்திரர், பவசுந்தரி என்ற இளம் விதவையை மணக்க முன்வந்தார். இம்மணம் நடந்தால் உறவு முறிந்துவிடும் என்று சுற்றத்தார் எச்சரித்தனர். அதுபற்றித் தம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் வித்தியாசாகர் தம் நிலையை விளக்கினார். விதவை மணத்தைத் தொடங்கி வைத்தவர் தாம். பிற குடும்பங்களில் அதனை நடத்தி வைத்தவரும் தாம். அப்படியிருக்கத் தம் மகன் மட்டும் வேறு வகையில் மணம் செய்துகொண்டால் பிறர் முகத்தில் விழிக்க இயலாது. ஊர் வழக்கத்துக்குத் தாம் அடிமை அல்லர் என்பது அவர் கருத்து. சட்டம் ஊராருக்கு, சம்பிரதாயம் தம் வீட்டுக்கு என்று அவர் பிரித்து வைத்திருந்தாலும் நாடு அவரைப் புகழ்ந்தே இருக்கும். அவர் அப்படிப் பிரிக்கவில்லை.

இத்தகைய பிளவை நீடிக்க விட்டால் என்ன நேரும் என்பதை உளவியலும் ஆராய்ந்துள்ளது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க அறிஞர் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஒரு கொள்கையை விளக்கினார். நம்பிக்கையும் செயலும் முரண்படும்போது மனத்தில் ஒரு நெருடல் உண்டாகிறது. மனம் அதிலிருந்து விடுபட வழி தேடுகிறது. செயலைத் திருத்துவது கடினமாக இருந்தால் நம்பிக்கையையே திருத்திக்கொள்கிறது. 1959ஆம் ஆண்டு அவரும் கார்ல்ஸ்மித் என்பவரும் ஒரு சோதனை நடத்தினர். மாணவர்களுக்கு மிகவும் சலிப்பூட்டும் ஒரு வேலை தரப்பட்டது. வேலை முடிந்ததும், அது சுவையானது என்று அடுத்து வருபவரிடம் கூறும்படி கேட்டுக்கொண்டு, சிலருக்கு ஒரு டாலரும் சிலருக்கு இருபது டாலரும் கொடுத்தனர். பிறகு விசாரித்தபோது இருபது டாலர் பெற்றோர், வேலை சுவையற்றது என்றே கருதினர். ஒரு டாலர் பெற்றோரோ அது ஓரளவு சுவையாகவே இருந்தது என்றனர். முன்னவருக்குப் பொய் சொன்னதற்கான காரணம் கையிலேயே இருந்தது. பின்னவருக்கு அந்தக் காரணம் போதவில்லை. ஆகவே தாம் சொன்ன பொய்யைத் தாமே நம்பத் தலைப்பட்டனர்.

சிறிய பொய்யைச் சிறிது என்று அலட்சியம் செய்யலாகாது என்பதை இச்சோதனை காட்டுகிறது. தனித் தம்ளரின் கதையும் அத்தகையதே. நாளுக்கு நாள் அதைக் கையாண்ட நாங்கள், சாதியில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பதையும் விடவில்லை, தம்ளரையும் எடுக்கவில்லை. நடுவே தூய்மை என்ற ஒரு காரணத்தை நாங்களே படைத்து, அதை நம்பியும் வந்தோம்.

இதற்குப் பரிகாரம் யாது? கரியாஹாட் சாலையில் தெற்கே சென்றால் கோல்பார்க்கில் ராமகிருஷ்ண மிஷன் கலாசார நிலையத்தின் பெரிய கட்டிடம் உள்ளது. மனத்தையும் வாயையும் ஒன்றாக்குவதே சாதனை என்று போதித்தவர் ராமகிருஷ்ண பரமஹம்சர். தட்சிணேசுவரத்துத் தோப்புப் பக்கம் போகிறேன் என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டாலும், போக வேண்டிய தேவை இல்லாத போதும் போய் வந்துவிடுவாராம். சொன்ன சொல் பொய்த்துவிடலாகாது என்பதே காரணம். சமய நோக்கு ஒருபுறம் இருக்க, இதில் எல்லோருக்கும் பயன்படும் ஒரு முறை இருக்கிறது. பெரிய தியாகத்துக்கு வாய்ப்பு வரும் என்று காத்திராமல், எவரும் கவனியாத சிறு சொல்லில் தொடங்குவதே அம்முறை. நாளைக்கு வருகிறேன் என்றால் நாளைக்கே செல்வது. இயலாதென்றால் இயலாதென்றே சொல்வது. பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் பேச்சை முதலில் நம் வீட்டில் நடத்திப் பார்ப்பது.

மறுநாள் காலை நாங்கள் அந்தத் தனித் தம்ளரை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கி, எல்லோருக்குமாகத் தேநீர் ஊற்றினோம். மாஷி வழக்கம்போல் சன்னலோரத்துக்குச் சென்றார். அங்கே ஒன்றும் இல்லாததைக் கண்டு, "என் தம்ளர் தொலைந்துவிட்டதா?" என்று வினவினார். 'ஆம், தொலைந்துவிட்டது' என்ற விடை எங்கள் நாவின் நுனி வரையில் வந்துவிட்டது. எவ்வளவு எளிய பொய்! செயலில் சேர்த்ததை வாயால் மீண்டும் பிரித்திருப்போம். "தனியாக வைத்தது எங்கள் தவறு. இனி அது வேண்டாம்" என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் தம்ளரைக் கையில் வைத்திருந்துவிட்டுத் தேநீரை அருந்தினார். அருந்தி முடித்த பின், சர்க்கரை குறைவு என்றார். அத்தனை ஆண்டுகளில் எங்கள் வீட்டுத் தேநீரைப் பற்றி அவர் குறை கூறியது அதுவே முதல் தடவை.

நேயர்களே, நாம் எந்த மாநிலத்தில், எந்த மொழியின் நடுவே வாழ்ந்தாலும், நம் வீட்டின் ஏதோ ஒரு மூலையில் இத்தகைய தம்ளர் ஒன்று கவிழ்ந்திருக்கக்கூடும். அது எது என்பதைப் பிறர் வந்து சொல்ல இயலாது. நாமே தேடிக் கண்டுபிடித்து எடுத்து வைப்போமாக.